பாப்பா பாக்குறது படமா, விளம்பரமா?

போன மாசம் மலேசியாவுல, பினாங்கு பக்கம் செபராங் ஜெயாவுல ஒரு பேரங்காடி, அரிசியும் எண்ணெயும் வாங்கத்தான் போனோம். நம்ம பாப்பா, 5 வயசு, பொம்மை வரிசைக்குள்ள நேரா ஓடி கீழ் தட்டுல இருந்து ஒரு பிளாஸ்டிக் முட்டையை எடுத்துட்டு வந்து நிக்குது. பேரைக் கரெக்டா சொல்லுது, உள்ள எத்தனை விதமான பொம்மை இருக்குன்னு சொல்லுது, அதுல தங்கக் கலர் ஒண்ணு கிடைக்கிறது கஷ்டம்னும் சொல்லுது. விலை 29 வெள்ளி (ரிங்கிட்) 90 சென். இதெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னாங்கன்னு கேட்டா, "அந்த அக்கா சொன்னாங்கப்பா". எந்த அக்கா? டிவில வர்ற அக்கா.

எனக்குக் குழப்பம். எங்க வீட்டுல காசு கட்டிப் பாக்குற ஆஸ்ட்ரோ டிவியை நிப்பாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போ யூடியூப் மாதிரி இணையத்துல இருந்து டிவிக்கு வர்ற ஸ்ட்ரீமிங் வீடியோதான், விளம்பரத் தொல்லை போச்சுன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம்தான் இதைப் பத்திக் கொஞ்சம் தேடிப் படிச்சேன், பக்கத்துல உக்காந்து பாக்கவும் செஞ்சேன். என்னை மாதிரி ஒண்ணும் தெரியாம இருக்குற அப்பா அம்மாவுக்காகத்தான் இது, நான் ஒண்ணும் எக்ஸ்பர்ட் இல்ல.

முதல்ல பழைய கதை. நாம சின்னப் பிள்ளையா இருந்தப்ப அரசாங்க டிவி ஆர்டிஎம், 1984-ல வந்த டிவி3, 1996-ல வந்த ஆஸ்ட்ரோ, எதுவா இருந்தாலும் விளம்பரத்துக்கு ஒரு வேலி இருந்துச்சு. தமிழ்ப்படம் ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நிக்கும், சத்தம் கூடும், சோப்பு, பால் மாவு, டயர். அந்த நேரத்துல அம்மா அடுப்பைப் பாக்கப் போவாங்க, நாம பாத்ரூமுக்கு ஓடுவோம், படம் திரும்ப வந்தா அண்ணன் "வந்துருச்சு!"ன்னு கத்துவான். விளம்பரம் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு ஓரளவு பிடிபட்டுடும். இன்னொரு விஷயம், வீட்டுல எல்லாரும் ஒரே விளம்பரத்தைத்தான் பாத்தோம். அதனால பிள்ளை ஒரு சாமான் கேட்டா எங்க பாத்துட்டு கேக்குதுன்னு அம்மாவுக்குத் தெரியும், "அதெல்லாம் சும்மா விக்கிறதுக்காக சொல்றான்டா"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க.

சட்டம் போட்டவங்களும் இந்த வேலியை நம்பித்தான் போட்டாங்க. அமெரிக்காவுல 1990-ல வந்த சட்டம், பிள்ளைங்க நிகழ்ச்சியில ஒரு மணி நேரத்துக்கு வார நாள்ல 12 நிமிஷம், சனி ஞாயிறுல பத்தரை நிமிஷம், அதுக்கு மேல விளம்பரம் போடக்கூடாதுங்குது. கனடாவுல கியூபெக் மாநிலம் 1980-லயே 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களைக் குறி வச்சு விளம்பரமே கூடாதுன்னுச்சு, ஸ்வீடன்லயும் டிவில 12 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அதே மாதிரி தடை. நம்ம நாட்டுல 2007-ல சுகாதார அமைச்சு பிள்ளைங்க நிகழ்ச்சிகள்ல துரித உணவு விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. நிமிஷத்தை எண்ணணும்னாலும் சரி, "பிள்ளைங்க நிகழ்ச்சி"க்கு நடுவுல வராதேன்னு சொல்லணும்னாலும் சரி, இது நிகழ்ச்சி இது விளம்பரம்னு பிரிச்சுக் காட்டுற கோடு ஒண்ணு வேணும்ல. ஸ்ட்ரீமிங்ல அந்தக் கோடுதான் அழிஞ்சு போச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பேப்பர் பேனாவோட பாப்பா பக்கத்துல உக்காந்தேன். டிவி எங்கப்பாவோட அக்கவுண்ட்ல ஓடுது, அதாவது அந்த டிவியைப் பொறுத்தவரைக்கும் பாக்குறது 68 வயசு ஆளு. 40 நிமிஷம் பாத்தோம். தமிழ்ல சின்னப் பிள்ளைங்க பாட்டு, காக்கா கதை, நரிக் கதை, அப்புறம் அந்த அக்கா வீடியோ. விளம்பரம்னு ஓரத்துல எழுதிக் காட்டி வந்தது மொத்தம் 6, ஒவ்வொண்ணும் 15 செகண்டு, கூட்டிப் பாத்தா ஒன்றரை நிமிஷம். அடடே பழைய டிவியை விட எவ்வளவோ மேல்னு தோணுதுல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அந்த அக்கா வீடியோ மட்டும் 11 நிமிஷம். ஒரு அக்கா கலர் கலரா நகப்பூச்சு போட்டுக்கிட்டு, முகம்கூட சரியா தெரியாது, கை மட்டும்தான், பிளாஸ்டிக் முட்டையை ஒண்ணொண்ணா உடைக்குது, கவர் கிழிக்கிற சத்தம், "வாவ்!", உள்ள என்ன இருக்குன்னு இழுத்து இழுத்துக் காட்டுது, தங்கக் கலர் வரல, அடுத்த முட்டை. பாப்பா வாயைத் திறந்துட்டு பாக்குது, தட்டுல இட்லி ஆறிக்கிட்டு கெடக்கு. அதுல எங்கயும் விளம்பரம்னு எழுதல. அந்தக் கம்பெனி காசு கொடுத்துச்சா, சும்மா பொம்மையைக் கொடுத்துச்சா, இல்ல அந்த அக்காவே வாங்கி உடைச்சாங்களான்னு பாத்து எனக்கே கண்டுபிடிக்க முடியல, 5 வயசுக்கு எப்படி முடியும்.

அன்னைக்கு நான் பாப்பாகிட்ட ஒண்ணு கேட்டேன். அந்த 15 செகண்டு பிஸ்கட் விளம்பரம் வந்தப்ப, "பாப்பா, இது என்ன?" "படம்பா." "அப்போ முன்னாடி பாத்தியே காக்கா கதை?" "அதுவும் படம். இது சின்னப் படம், அது பெரிய படம்."

இந்தப் பதில்லயே முக்கால்வாசி விஷயம் இருக்கு. நாலஞ்சு வயசு வரைக்கும் நிறையப் பிள்ளைங்களுக்கு விளம்பரத்தையும் நிகழ்ச்சியையும் பிரிச்சுப் பாக்குறதே கஷ்டம், பிரிச்சா கூட நீளமா குட்டையான்னுதான் பிரிக்கும். அடுத்த படி ஒண்ணு இருக்கு, இதை எடுத்தவங்களுக்கு ஒரு நோக்கம் இருக்கு, என்கிட்ட ஒண்ணை விக்கப் பாக்குறாங்கன்னு புரியுறது. அது வர்றதுக்கு 7, 8 வயசு ஆகும். அமெரிக்க உளவியல் சங்கம் அமைச்ச ஒரு குழு 2004-ல இதைத்தான் சொன்னுச்சு, 8 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க விளம்பரத்துல சொல்றதை அப்படியே உண்மைன்னு எடுத்துக்கும், அதனால அவங்களைக் குறி வச்சு விளம்பரம் பண்றதே நியாயம் இல்லைன்னு. 8 வயசு ஆனதும் சரியாயிடுமான்னா அதுவும் இல்ல. எங்க அக்கா மகனுக்கு 9 வயசு, விளம்பரம்னா என்னான்னு எனக்கே பாடம் எடுப்பான், ஆனா கேம் விளையாடுற ஒரு அண்ணன் வீடியோவுல குடிச்ச அதே டின் தண்ணிதான் வேணும்னு கடையில நிப்பான். தெரியுறது வேற, அந்த நேரத்துல ஞாபகம் வர்றது வேற. நமக்கு மட்டும் என்னவாம், பாதி ராத்திரியில போன்ல பாத்துட்டு சாமான் ஆர்டர் பண்றோமே.

சரி, ஸ்ட்ரீமிங்ல விளம்பரம் எப்படி வருது? பழைய விளம்பரம் பட்டர்வொர்த் ஃபெர்ரி ஜெட்டியில ஒட்டுன பெரிய போஸ்டர் மாதிரி, போறவங்க வர்றவங்க எல்லாரும் அதையேதான் பாப்பாங்க. இது அப்படி இல்ல. மீன் ஏலம் பாத்திருப்பீங்க, கூடையைக் கொண்டாந்து வச்ச உடனே ஆளாளுக்கு விலை கேப்பாங்க, கூடக் கேட்டவனுக்குப் போயிடும். அதே மாதிரி நம்ம டிவில ஒரு வீடியோவைத் தட்டுன உடனே, கண்ணு இமைக்கிற நேரத்துக்குள்ள கம்ப்யூட்டருங்களே ஒரு ஏலம் நடத்தி முடிச்சுடுது. பினாங்குல ஒரு வீடு, இந்த நேரம், இந்த மாதிரி வீடியோ, இந்த அக்கவுண்ட் இதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்திருக்கு, யாருக்கு வேணும் இந்த 15 செகண்டு? ஏலத்துல கூடையில கெடக்குறது பிஸ்கட் இல்லங்க, பாத்துக்கிட்டு இருக்குற ஆளோட கவனம்.

இதுல எங்க வீட்டுல ஒரு வேடிக்கை. பாட்டு தமிழ், எங்கயோ தமிழ்நாட்டுல எடுத்தது. ஆனா ஏலம் நடக்குறது மலேசிய வீட்டுக்கு, அதனால நடுவுல வர்ற விளம்பரம் பெரும்பாலும் மலாய்ல வருது, அப்பப்ப இங்கிலீஷ். வீட்டுல தமிழ் நல்லா வரணும்னு தமிழ்ப் பாட்டு போட்டு விட்டா, பாப்பா குளிக்கும்போது ஒரு மலாய் பிஸ்கட் பாட்டைத்தான் பாடிக்கிட்டு இருந்துச்சு, உச்சரிப்பு என்னை விட சுத்தம்.

ஏலத்துக்கும் கட்டுப்பாடு இருக்கு, இல்லாம இல்ல. யூடியூப் பிள்ளைங்களோட தகவலை அப்பா அம்மா அனுமதி இல்லாம சேர்த்துச்சுன்னு அமெரிக்க வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் பிடிச்சு, 2019 செப்டம்பர்ல கூகுள் 17 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. அதுக்கு அடிப்படை 1998-ல போட்ட ஒரு சட்டம், 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க தகவலைப் பத்தினது. அதுல இருந்து 2020 ஜனவரி முதல், வீடியோ போடுறவங்க "இது பிள்ளைங்களுக்காக எடுத்தது"ன்னு குறிக்கணும், அப்படிக் குறிச்ச வீடியோவுல பாக்குறவங்க யாருன்னு பாத்து விளம்பரம் போடக்கூடாது, சாப்பாட்டு விளம்பரமும் கூடாதுன்னு யூடியூப் விதி வச்சிருக்கு. நல்லதுதான். ஆனா கவனிங்க, பாதுகாப்பு ஒட்டியிருக்குறது வீடியோமேல, பிள்ளைமேல இல்ல. பிள்ளை சினிமாப் பாட்டு பாக்கும், கேம் பாக்கும், சமையல் பாக்கும், தாத்தாவோட சேர்ந்து பழைய காமெடி பாக்கும். அதெல்லாம் "பிள்ளைங்களுக்காக"ன்னு குறிக்காத வீடியோ, அங்க தாத்தாவுக்குன்னு வர்ற விளம்பரம் எல்லாம் பேத்திக்கும் சேர்த்துத்தான். முட்டி வலி தைலம் பத்தி எங்க பாப்பாவுக்குத் தெரியாதது இல்ல.

அப்புறம் அந்த முட்டை மாதிரி வீடியோ. பொம்மைக்காகவே கதை பண்றது புதுசு இல்ல, 1980-கள்ல அமெரிக்காவுல பொம்மையை முதல்ல செஞ்சு வச்சுட்டு அதை விக்கவே கார்ட்டூன் எடுத்த கம்பெனிங்க இருந்துச்சு, அதைப் பாத்து கடுப்பாகித்தான் அந்த 1990 சட்டமே வந்துச்சுன்னு கூட சொல்லலாம். அப்போ ஒரு விதியும் இருந்துச்சு, கார்ட்டூன்ல வர்ற அதே பாத்திரம் அதே நிகழ்ச்சி நடுவுல வந்து சாமான் விக்கக்கூடாது, ஏன்னா பிள்ளை அந்தப் பாத்திரத்தைக் கூட்டாளியா நெனைக்கும். இப்போ அந்த அக்கா, கேம் அண்ணன், இவங்க எல்லாம் யாரு? முழுக்க முழுக்க கூட்டாளிங்கதான். கூட்டாளியே விக்கிறாங்க. பக்கத்து வீட்டு அக்கா நல்லா இருக்குன்னு சொன்னா நாமளே வாங்கிடுறோம், பிள்ளையைச் சொல்லி என்ன பண்றது.

இன்னொண்ணு, இதை நான் எதிர்பாக்கவே இல்ல. டிவியே பாக்குது. நாம டிவியைப் பாக்குற மாதிரி டிவி நம்மளைப் பாக்குது. நிறைய ஸ்மார்ட் டிவில திரையில ஓடுறது என்னான்னு அடையாளம் கண்டு கம்பெனிக்குச் சொல்ற வசதி ஒண்ணு இருக்கு, கேபிள்ல மாட்டுன வேற பொட்டியில இருந்து வந்தாலும் சரி. விசியோன்னு ஒரு டிவி கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டிவில சொல்லாம கொள்ளாம இப்படிப் பண்ணி, 2017-ல அமெரிக்காவுல 22 லட்சம் டாலர் கட்டுச்சு. இப்போ செட்டிங்ல அனுமதி கேப்பாங்க, டிவி வாங்கி மாட்டுற அன்னைக்கு நாம எல்லாத்துக்கும் ஓகே ஓகேன்னு அமுக்கியிருப்போம். சாம்சங்ல "வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்"னு இருக்கும், எல்ஜில "லைவ் பிளஸ்"னு இருக்கும், போய் அணைச்சுடுங்க, டிவிக்கு ஒண்ணும் ஆகாது.

சரி இதனால என்ன கெட்டுப் போச்சு, நாமும் விளம்பரம் பாத்து வளந்தவங்கதானேன்னு எங்கப்பா கேட்டாரு. நியாயமான கேள்வி. பொம்மைன்னா காசோட போச்சு, ரெண்டு நாள் அழுகையோட போச்சு. சாப்பாடுதான் கவலை. 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டுல 5-ல இருந்து 17 வயசுக்குள்ள 29.8 விழுக்காடு பிள்ளைங்களுக்கு எடை கூடுதல் இல்லன்னா உடல் பருமன். விளம்பரம் மட்டுமே காரணம்னு யாரும் சொல்ல முடியாது, பசார் மாலாம்னு ராத்திரிச் சந்தை இருக்கு, ஓடியாட இடமில்லாத பிளாட் வீடு இருக்கு, தண்ணிக்குப் பதிலா சிராப் கலக்கிக் கொடுக்குற பாட்டிங்களும் இருக்காங்க. ஆனா சாப்பாட்டு விளம்பரம் பாத்தா பிள்ளைங்க அதைத்தான் தேர்ந்தெடுக்கும், கூடவும் சாப்பிடும்னு ஆய்வுங்க திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு. அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 2010-லயே பரிந்துரை கொடுத்து, 2023-ல இன்னும் அழுத்தி, கம்பெனிங்க இஷ்டத்துக்கு விடாம கட்டாயச் சட்டமா போடுங்கன்னு சொன்னுச்சு. பிரிட்டன்ல 2026 ஜனவரி 5-ல இருந்து உப்பு, சக்கரை, கொழுப்பு கூடுன சாப்பாட்டு வகைகளுக்கு ராத்திரி 9 மணிக்கு முன்னாடி டிவில விளம்பரம் கூடாது, இணையத்துல காசு கொடுத்துப் போடுற விளம்பரம் எந்த நேரத்துலயும் கூடாது. அதுலயும் ஒரு ஓட்டை, சாமானைக் காட்டாம கம்பெனி பேரை மட்டும் காட்டுனா பரவால்லையாம்.

இங்க மலேசியாவுல விளம்பரத்துக்கும் சேர்த்து ஒரு உள்ளடக்க நெறிமுறை இருக்கு, 2004-ல வந்தது, 2022-ல திருத்துனாங்க. பிள்ளைங்களோட வெகுளித்தனத்தைப் பயன்படுத்திக்கக் கூடாதுங்குறது அதோட சாரம். ஆனா அடிப்படையில அது தொழில்துறை தானா முன்வந்து கடைப்பிடிக்கிற நெறிமுறை, அவ்வளவுதான். நம்ம பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்காரங்க பல பத்து வருஷமா பிள்ளைங்களைக் குறி வைக்கிற விளம்பரம் வேணாம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. சின்ன வயசுல அவங்க பேச்சு எனக்குக் கொஞ்சம் ஓவரா பட்டுச்சு, எதைப் பாத்தாலும் தப்பு சொல்றாங்களேன்னு. முட்டைக்கு 29 வெள்ளி 90 சென் கேட்டு ஒருத்தி காலைக் கட்டிக்கிட்டு அழுவுறப்பதான் அவங்க ஞாபகம் வருது.

காசு கட்டினா விளம்பரம் இல்லாம பாக்கலாமேன்னு சொல்வீங்க. பாக்கலாம். நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பர்ல விளம்பரத்தோட வர்ற மலிவு திட்டத்தைச் சில நாடுகள்ல ஆரம்பிச்சப்பகூட பிள்ளைங்க ப்ரொஃபைல்ல விளம்பரம் போடல. அதனால பிள்ளைக்குன்னு தனி ப்ரொஃபைல் போடுங்க, பத்து நிமிஷ வேலை, நானும் போட்டேன். ஆனா எனக்கு இதுல ஒரு நெருடல். அந்தக் காலத்துல எஸ்டேட் பிள்ளையும் டவுன் பிள்ளையும் ஒரே அளவு விளம்பரம்தான் பாத்துச்சு. இப்போ மாசா மாசம் காசு கட்டுற வீட்டுல விளம்பரம் கம்மி, கீழ் மாடியில இருக்குற அந்த அக்கா வீட்டுல, ரெண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போயிட்டு பிள்ளைகிட்ட போனைக் கொடுத்துட்டு தூங்குறாங்களே, அங்கதான் அத்தனையும் போய் விழுது. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைதான் "வாங்கு வாங்கு"ன்னு அதிகமா கேக்குது. இதுக்கு ப்ரொஃபைல் போட்டு வழி பண்ண முடியாது.

விளம்பரமே பாவம்னும் நான் சொல்லல. தமிழ்ல பிள்ளைங்களுக்கு நல்ல வீடியோ எடுக்குறவங்களுக்கு அந்தக் காசுதான் சோறு.

நான் வீட்டுல பண்றது ரொம்பச் சின்ன விஷயம். அடுத்த வீடியோ தானா ஓடுறதை அணைச்சேன், டிவில அந்த செட்டிங்கை அணைச்சேன். முட்டை உடைக்கிற அக்காவை முழுசா நிப்பாட்டல, நான் பக்கத்துல இருந்தா மட்டும்னு வச்சேன், நடுவுல "இந்த முட்டையை அக்காவுக்கு யாரு கொடுத்தா?"ன்னு கேப்பேன். முதல் நாள் "அவங்க அப்பா"ன்னுச்சு. நாலாவது வாரம் "கடைக்காரங்க"ன்னுச்சு. ஏன் கொடுத்தாங்கன்னா இன்னும் பதில் வரல, வயசு இருக்கு.

அப்புறம் ஒரு விளையாட்டு. விளம்பரம் வந்தா யாரு முதல்ல விரலைத் தூக்குறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. பாப்பா ரெண்டே நாள்ல என்னைத் தோக்கடிக்க ஆரம்பிச்சுச்சு, இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிச்சேன்னு எனக்குப் பெருமை தாங்கல, பொண்டாட்டிகிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டேன். எப்படிக் கண்டுபிடிக்கிறேன்னு கேட்டப்பதான் சொல்லுது, "மலாய்ல பேசுனா விளம்பரம்பா, தமிழ்ல பேசுனா படம்." அதாவது அழிஞ்சு போன வேலிக்குப் பதிலா அதுவே ஒரு வேலி போட்டுக்கிச்சு. நான் திருத்தல, திருத்துறதுக்கு எனக்கே வழி தெரியல.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது அது உடைஞ்சுச்சு. நம்ம ஊருல பெருநாள் வந்தா பெரிய பெரிய கம்பெனிங்க குட்டிப் படம் மாதிரி விளம்பரம் எடுப்பாங்க தெரியும்ல, நாமளே வாட்சப்புல அனுப்பி "அழுதுட்டேன்"னு எழுதுவோம். அப்படி ஒண்ணு வந்துச்சு. முழுக்கத் தமிழ். வெளியூர்ல வேலை பாக்குற மகன், பழைய வீடு, முறுக்கு சுட்டுக்கிட்டு தனியா உக்காந்திருக்குற அம்மா. பாப்பா விரலைத் தூக்கல, "தாத்தா புதுப்படம்!"னு கூப்பிட்டுச்சு. அப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாரு. மூணு நிமிஷம் யாரும் பேசல. கடைசியில மகன் வாசல்ல வந்து நிக்குறான், பாட்டு ஏறுது, அப்புறம் வெள்ளைத் திரையில கம்பெனி சின்னம். பாப்பா என்னைப் பாத்துச்சு, திரையைப் பாத்துச்சு, மெதுவா விரலைத் தூக்குச்சு.

துண்டால மூக்கைத் துடைச்சுக்கிட்டே எங்கப்பா, "விரலை எறக்கு பாப்பா, இது விளம்பரம் இல்ல."